செந்தேள் கொட்டினால் மந்திரம் காப்பாற்றாது

மக்காச்சோளத்தில் படைப்புழு தென்பட்டால் அன்றே மருந்து தேடிப் புறப்படும் விவசாயிகள், தம்மைக் கொட்டும் தேளுக்கும் குளவிக்கும் என்ன செய்வது என்று முன்கூட்டி யோசிப்பதில்லை. விஸ்வநத்தம், சிவகாசி வட்டார மானாவாரி நிலங்களில் கல் புரட்டுதல், வரப்பு வெட்டுதல், தட்டைப்படப்பு பிரித்தல், விறகு அடுக்குதல் ஆகிய வேலைகள் அனைத்திலும் இந்த ஆபத்து உண்டு.

நட்டுவாக்காலி எனப்படும் பெரிய கருந்தேளைக் கண்டால் ஊரே அலறும். ஆனால், அதன் விஷம் பெரும்பாலும் வலியோடு நின்றுவிடும். இரண்டு மூன்று அங்குலமே உள்ள செந்தேள்தான் உயிருக்கு எமன். அதன் விஷம் இதயத்தைத் தாக்கி, நுரையீரலில் நீர் கோக்கச் செய்கிறது. குழந்தைகளுக்கு ஆபத்து மிக அதிகம். கொட்டிய இடத்தில் வலி குறைவாக இருக்கிறது என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது. உடல் வியர்த்துக் கொட்டுதல், வாந்தி, கை கால் சில்லிடுதல், மூச்சுத் திணறல் ஆகியவை அபாய அறிகுறிகளாகும்.

இதற்கு மருந்து உண்டு. மராட்டிய மாநிலம் மகாட் பகுதியில் கிராம மருத்துவராகப் பணியாற்றிய டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் பிராசோசின் மாத்திரை செந்தேள் விஷத்தின் விளைவை முறிப்பதைக் கண்டறிந்து, 1986-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார். முன்பு கடுமையாகப் பாதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்த நிலை மாறி, இறப்பு மிகவும் குறைந்தது. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இம்மாத்திரையை மருத்துவரே தர வேண்டும். தாமாக வாங்கி விழுங்கினால் இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும்.

மருந்து இருந்தும் உயிர் போவது காலதாமதத்தால்தான். மந்திரித்ததும் பலருக்குக் குணமாகிறதே என்பார்கள். பெரும்பாலான தேள்கடி தானாகவே தணிந்துவிடும். மழையில் கழுவப்பட்டுப் போன அசுவினிக்கு, முதல் நாள் தெளித்த மருந்து பெயர் வாங்குவது போன்றதே இது. தணியாத அந்தச் சிலருக்கோ, மந்திரிப்பில் கழியும் ஒரு மணி நேரமே உயிரின் விலையாகிறது.

கொட்டியவுடன் கடிவாயைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைக்க வேண்டும். கீறுதல், உறிஞ்சுதல், இறுக்கிக் கட்டுதல், சுண்ணாம்பு வைத்தல் கூடாது. உடனே 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 2022-ல் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் இம்மாவட்டத்துக்கு உதவியாக உள்ளது.

தேனீ கொட்டினால் கொடுக்கை நகத்தாலாவது உடனே எடுத்துவிட வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நொடியும் விஷம் கூடுதலாக இறங்கும். உதடு வீங்கினாலோ, உடலெங்கும் தடித்தாலோ, மூச்சு திணறினாலோ, பல தேனீக்கள் கொட்டியிருந்தாலோ மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பட்டாசு ஆலைகள் சூழ்ந்த இப்பகுதியில் தீப்பந்தம் பிடித்துத் தேனீயோ குளவியோ விரட்டுவது, கொட்டுவதைவிடப் பெரிய ஆபத்தாகும்.

ஆடு மாடுகளிலிருந்து ஏறும் உண்ணியைப் பீடியால் சுடவோ மண்ணெண்ணெய் தடவவோ வேண்டாம். தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுத்து எடுக்கலாம். புதர்களில் உள்ள சிற்றுண்ணி கடித்தால் வலி தெரியாது. பத்து நாள் கழித்துக் கடும் காய்ச்சல் வரலாம். அக்குள், தொடை இடுக்கில் தீச்சுட்டது போன்ற கரும்புண் இருக்கிறதா என்று பார்த்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். டாக்சிசைக்ளின் மருந்தில் இக்காய்ச்சல் குணமாகும்.

பயிர்ப் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும் இடமெல்லாம், பயிரிடுவோரைப் பாதுகாக்கும் இந்த முதலுதவியையும் அரை மணி நேரம் சொல்லித் தருவது அவசியம். விவசாயிகளும் அதைக் கேட்டுப் பெற வேண்டும். பயிர் போனால் மறு பட்டத்தில் விதைக்கலாம். பிள்ளை போனால் திரும்பாது.