பெயர் எழுதப்படாத புண்ணியர்

துன்பம் வந்துற்ற காலத்து இறைவனை நினையாதார் சிலரே. அத்துன்பம் நீங்கிய பின்னர், அது நீங்குதற்குக் கருவியாய் நின்ற மனிதரை நினைப்பாரும் சிலரே. “ஆண்டவன் காப்பாற்றினான்” என்கின்றோம், அது மெய்யே. ஆயின், எவர் கைகொண்டு காப்பாற்றினான் என்பதை எண்ணாது விடுதல் பத்திக்கு அழகாகுமா?

சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில் வரும் இளையான்குடிமாற நாயனார் சரித்திரம் நம் மாணவர் படித்ததொன்றே. நாயனாருடைய செல்வம் சுருங்கிற்று, உள்ளம் சுருங்கிற்றில்லை. மழை பெய்யும் இரவொன்றிலே சிவனடியார் ஒருவர் பசியோடு மனைக்கு வந்தார். வீட்டிலோ அரிசி இல்லை. கடன் கொடுப்பாரும் இல்லை. பகலில் வயலிலே விதைத்த நெல்லை வாரி வந்தால் அமுதாக்கலாம் என்று வழி கூறியவர் நாயனாரின் மனைவியார். நாயனார் இருளிலே காலால் வழி தடவிச் சென்று முளைநெல்லை வாரிவந்தார். அதன் சேற்றைக் கழுவி, ஈரம் போக வறுத்து, குற்றி, சோறாக்கியவர் அம்மையார். விறகின்மையால் வீட்டுக்கூரைக் கழிகளே அடுப்பெரித்தன.

நாயனார் அறுபத்துமூவருள் ஒருவராய் வைத்துப் பூசிக்கப்படுகின்றார். அம்மையாரின் பெயரைப் புராணம் கூறிற்றில்லை. ஆயினும், இறைவன் மனைவியாரோடும் தன்னுலகு வந்தெய்துமாறே நாயனாருக்கு அருளினான். நாம் பெயரறியாத அவ்வம்மையாரை அவன் மறந்தானல்லன்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. 1876, 1877 ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது நல்லூர் ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி அமைப்பித்து வறியோர் பசி தீர்த்தார். சைவப்பிரசாரம் செய்த பெருமானுக்குப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்ப்பதும் சைவமாகவே தோன்றிற்று. அவர் பெயர் நிலைத்தது, நிலைக்கவேண்டியதுமாம். ஆனால், அக்கஞ்சிக்கு அரிசி அளந்தவர், விறகு சுமந்தவர், அடுப்பின் முன்னின்று வெந்தவர் எத்தனை பேர்? அவர்களுள் எவர் பெயரை நாம் அறிவோம்?

இவை பழங்கதையென்று ஒதுக்கற்க. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள், போர் நெருங்கியமையால், வலிகாமத்து மக்கள் தம் வீடுவாசல் துறந்து, கைக்குழந்தைகளோடும் முதியோரோடும் இரவிரவாகத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். ஆங்குள்ள கோயில் மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும் நிரம்பி வழிந்தன. முன்பின் அறியாதார்க்குத் தம் திண்ணையையும் அடுப்படியையும் கிணற்றையும் திறந்துவிட்ட குடும்பங்கள் பல. பின்னர் 2000 ஆம் ஆண்டிலே சாவகச்சேரி போரினால் அழிவுற்றபோது, அன்று இடங்கொடுத்த தென்மராட்சி மக்களே இடந்தேடி அலைய நேர்ந்தது. அப்போது நம்மில் எத்தனை பேர் அவர்களைத் தேடிச் சென்றோம்? இவ்வினாவை ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளுதல் நன்று.

“உதவி செய்தோர் புகழை வேண்டார்; அவர் பெயரைப் பேசுவது அறத்தின் பெருமையைக் குறைப்பதாகும்” என்பாரும் உளர். கொடுத்தவர் மறத்தல் பெருந்தன்மையே. பெற்றவர் மறத்தலும் பெருந்தன்மையாகுமா? திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தது பெற்றவரை நோக்கியேயன்றோ? மேலும், மனிதர் உதவியை ஒப்புக்கொள்ளுதல் இறைவன் அருளை மறுத்தலன்று. மழை முகில் வழியாக வருதல்போல, அருள் அடியார் வழியாக வருகின்றது என்பதே நம் சமயம் காட்டும் நெறி.

இவ்விழா மலரிலே தாபகர், அதிபர், கொடையாளர் ஆகியோரின் படங்கள் இடம்பெறுதல் முறையே. அதனோடு நாம் செய்யத்தக்கது மற்றொன்றுண்டு. மாணவர்காள்! இன்றிரவே உங்கள் வீட்டு முதியோரிடம், “நாம் இடர்ப்பட்ட காலத்தில் நமக்குச் சோறிட்டவர் யார்? படுக்க இடந்தந்தவர் யார்?” என்று கேளுங்கள். கூறும் பெயர்களை ஒரு கொப்பியிலே எழுதிவையுங்கள். பழைய மாணவர்களே! நீங்கள் எந்நாட்டில் வாழினும், அப்பெயருடையார் இருப்பாராயின் அவர் வாசலுக்கு ஒருமுறை செல்லுங்கள்; இல்லையாயின் அவர் மக்களைத் தேடிச் செல்லுங்கள். அவர்களுள் இன்று இடர்ப்படுவார் இருத்தலுங் கூடும்.

கோயிலில் வைக்கும் நேர்த்திக்கடனைத் தவறாது தீர்ப்பவர் நம்மவர். இதுவும் ஒரு கடனே. காலந் தாழ்த்தாது தீர்ப்போமாக.