பெரட்டுக்களமும் மின்னஞ்சலும்

தோட்டக் கந்தோருக்கும் கொழும்புத் தலைமையகத்துக்கும் இடையே இன்று கடிதம் நடந்து செல்வதில்லை. கொழுந்தின் நிறையும் செலவுக் கணக்கும் ஏல விலையும் மின்னஞ்சல் வழியே நொடிப்பொழுதிற் சென்று சேர்கின்றன. அதே கந்தோரிலிருந்து அரைக்கட்டை தொலைவிலுள்ள லயத்துக்குச் செய்தி போகவேண்டுமாயின், கங்காணியின் வாயே இன்றும் பல இடங்களில் வழி. இம்முரண்பாட்டுக்குத் தொழில்நுட்பப் பற்றாக்குறையே காரணம் என்பாரும், தொழிலாளரின் அறியாமையே காரணம் என்பாரும் உளர். இரண்டும் பொய்.

கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பியபோது வீடுமில்லை, பெற்றோருமில்லை. அவ்விடம் அபாயமானது, மக்கள் அகற்றப்பட வேண்டும் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் பின்னர் 2011இலும் எச்சரித்திருந்தது. ஒன்பது ஆண்டுகள்! அக்கால இடைவெளியில் ஒரு கடிதம் கொழும்பிலிருந்து கால்நடையாகவே புறப்பட்டிருப்பினும் கொஸ்லந்தையைப் பன்முறை வந்தடைந்திருக்கும். ஆகவே அங்குக் குறைந்தது வேகமன்று.

“எச்சரித்தோம், அவர்கள் போகவில்லை” என்று பிற்பாடு சொல்லப்பட்டது. எங்கே போவது? சொந்தக் காணியில்லாத, குடியிருக்கும் அறையும் தோட்டத்துக்கே உரியதான ஒரு குடும்பம் அவ்வினாவைத்தான் மறுமொழியாகக் கொடுத்திருக்கும். அம்மறுமொழியை எழுதிக்கொள்ள எந்தக் கந்தோரிலும் ஏடு இருக்கவில்லை. மறுமொழிக்கு இடமளிக்காத செய்தியை எச்சரிக்கை என்பது தகாது. அது பெரட்டுக்களத்துக் கட்டளை.

தோட்டத்தின் செய்திமுறை தொடக்கமுதலே இவ்வாறானது. விடியலில் தப்பு ஒலிக்கும்; தொழிலாளி எழுவார். பெரட்டில் மலை பிரித்துக் கொடுக்கப்படும், அவர் நடப்பார். தபாற்காரன் லயத்து வாசலுக்கு வந்ததில்லை. கடிதங்கள் கந்தோரிற் குவிந்து, எவர் கையாலோ, எப்பொழுதோ கிடைத்தன. வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்தபின் வந்த கதை மலையகத்தில் எந்த ஊரிலும் கேட்கலாம். இலக்கமும் வீதியும் இல்லாத அம்மக்களுக்குக் கைத்தொலைபேசி எண்ணே முதன்முதலிற் கிடைத்த சொந்த முகவரியாகும். இதனை உணராதவர்களே இணையத்தை ஆடம்பரம் என்கின்றனர்.

குவைத்திலுள்ள மகளுடன் ஒவ்வோரிரவும் முகம் பார்த்துப் பேசும் தாய்க்கு, தான் பறித்த கொழுந்தின் நிறையைத் திரையில் வாசிக்கத் தெரியாது என்று எவர் சொல்வது? சில தோட்டங்களிலே தராசு மின்னியலாகிவிட்டது. அதன் எண் கந்தோரை அடையும் அதே கணத்தில் பறித்தவளின் தொலைபேசியையும் அடைதல் வேண்டும். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படுவதும் அதிற் காணப்படல் வேண்டும். இதற்கு ஒரு குறுஞ்செய்தி போதும். அது அனுப்பப்படாமைக்குக் காரணம் பொறியில் இல்லை.

மலைமடிப்புகளில் அலைவரிசை எட்டாத லயங்கள் உள. தொலைபேசியில்லாத முதியோரும் உளர். அவர்களுக்கு அதே அறிவித்தல் தாளில் ஒட்டப்படட்டும். ஆனால் அது தமிழில் இருத்தல் வேண்டும். ஹல்துமுல்லைப் பிரிவு 1999ஆம் ஆண்டு முதல் வர்த்தமானிப்படி இருமொழி நிருவாகப் பிரிவாகும். இது எவரும் இடும் பிச்சையன்று.

வட்சப் குழுவொன்றைத் தொடங்கி, நிருவாகி மட்டுமே எழுதலாம் எனப் பூட்டிவிட்டு, நவீனமயமாயிற்று என்று மகிழ்வோரும் உளர். அது கையடக்கத் தப்பு! தொழிற்சங்கங்களும் இதில் விலக்கல்ல. சந்தா மாதந்தோறும் தவறாது சென்றது. கூட்டு ஒப்பந்தம் நடைமுறையிலிருந்த காலத்தில் அதன் தமிழ் வாசகத்தைக் கையிலேந்திப் படித்த தொழிலாளர் எத்தனை பேர்? மண்சரிவு எச்சரிக்கை, நாட்சம்பளக் கணக்கு, ஒப்பந்த வாசகம் ஆகிய மூன்றும் அவரவர் எண்ணுக்கே நேராக வரட்டும். வந்த திகதியும் அவர் அனுப்பிய மறுமொழியும் அழிக்கவியலாதவாறு பதியப்படட்டும். அடுத்த மழைக்காலத்தில் “சொன்னோம், கேட்கவில்லை” என்று எவரேனும் கூறுவாராயின், அப்பதிவை முதலில் திறந்து காட்டட்டும்.