நிலத்துள் செல்லும் நெருப்புக் கூழ்

நிலத்தடிப் பாறையைப் பிளந்து எண்ணெய்யும் எரிவளியும் எடுப்போர் நீரையே செலுத்துவர் என்பது இன்று பலர் எண்ணம். ஆனால், இத்தொழில் நீரில் தொடங்கவில்லை. தீப்பற்றும் நெய்யில் தொடங்கியது.

1947-இல் அமெரிக்காவின் கான்சாசு மாநிலத்து ஊகோட்டன் எரிவளி வயலில், ஏறத்தாழ 2,400 அடி ஆழத்துச் சுண்ணப் பாறைக்குள், பெட்ரோல் எனும் கன்னெய் 1,000 காலன் கூழாக்கிச் செலுத்தப்பட்டது. அதனைக் கூழாக்கிய பொருள் நேபாம். 1942-இல் ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்தில் போருக்கென ஆக்கப்பட்டதும், 1945 மார்ச்சுத் திங்களில் தோக்கியோ நகரை எரித்ததும் அவ்வகைக் கூழே. ஊரெரித்த கூழ் ஈராண்டில் பாறையுடைக்க வந்தது! அம்முதல் முயற்சியால் வளிவரத்துப் பெரிதும் கூடவில்லை. எனினும், 1949 மார்ச்சு 17-இல் ஓக்லகோமாவிலும் தெக்சாசிலும் ஆலிபர்ட்டன் நிறுவனம் இம்முறையை வணிகத் தொழிலாக்கியது.

கூழாக்குவதன் கரணியம் எளிது. மெல்லிய நீர்மம் மணலைச் சுமவாது. தடித்த கூழோ மணலைப் பிளவுக்குள் கொண்டு சேர்க்கும். பின்னர், கூழுடைக்கும் பொருளால் அது நீர்த்து வெளியேற, மணல்மணிகள் பிளவு மூடாமல் தாங்கி நிற்கும். சிலவகைக் களிப்பாறைகள் நீர்பட்டால் உப்பி வழியடைத்துக் கொள்ளும். அவ்விடங்களுக்கு எண்ணெய்க் கூழே ஏற்றது. ஆனால், எரிநெய்யை உயரழுத்தத்தில் செலுத்துங்கால் ஒரு கசிவும் ஒரு பொறியும் போதும்; அருகே நிற்கும் தொழிலாளர் உயிர்க்கு உறுதியில்லை. 1953 முதல் நீர் புகுந்தது. பின்னர் அதுவே பெருவழக்காயிற்று.

நீர் வந்தும் நெய் முற்றும் நீங்கவில்லை. நீரைத் தடிப்பாக்கும் கொத்தவரை விதைப் பசைமாவு கட்டிதட்டாதிருக்க, அதனை முன்னரே தீசலில் குழைத்துக் கலந்தனர். தீசலிலோ குருதிப் புற்றை விளைக்கும் பென்சீன் உண்டு. 2005-இல் அமெரிக்க நடுவணரசு, பாறை பிளக்கும் நீர்மங்களுக்குக் குடிநீர்க் காப்புச் சட்டத்தினின்று விலக்களித்தபோது, தீசலுக்கு மட்டும் அவ்விலக்கைத் தரவில்லை.

நடந்தது யாது? 2005 முதல் 2009 வரை, 19 மாநிலங்களில், தீசலும் தீசல் கலந்த நீர்மங்களுமாக 3.2 கோடி காலன் நிலத்துள் செலுத்தப்பட்டது. இசைவு கேட்ட நிறுவனமும் இல்லை. இசைவு தந்த அரசும் இல்லை. இதனை அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களே 2011-இல் வெளிப்படுத்தினர். இசைவுக்கான நெறிமுறையே வகுக்கப்படவில்லை என்று தொழில்துறையினர் விடையிறுத்தனர். சுற்றுச்சூழல் காப்பு முகமை அந்நெறிமுறையை வெளியிட்டது 2014-இல்! சட்டத்துக்கும் நெறிமுறைக்கும் இடையே ஒன்பதாண்டு.

விலக்குப் பெறாத ஒரே பொருளின் நிலை இதுவாயின், விலக்குப் பெற்ற பிறவற்றின் நிலையை யாரறிவார்? உட்பொருள்களை வெளியிடுமாறு பல மாநிலங்கள் பின்னர்ப் பணித்தன. ஆயினும், வணிகக் கமுக்கம் என்னும் புறக்கடை திறந்தே இருக்கிறது.

கீழே செல்லும் பொருள் இன்னதென்று மேலே வாழும் உழவர் முன்னரே அறிதல் வேண்டும்; அது நிறுவனத்தார் தரும் சலுகையன்று, கிணற்று நீரைக் குடிப்போரின் உரிமை. பெயர் சொல்லக் கூசும் பொருளை நிலத்துள் செலுத்த எவ்வரசும் இசைதல் ஆகாது.