மாயம்தானே என்று சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

என்னிடம் கணக்குப் படித்த ஒரு பையன் (பெயர் சொல்லப் போவதில்லை) தான் எழுதிய மாயாஜால நாவலை அனுப்பி, படித்துப் பார்க்கச் சொன்னான். 400 பக்கம். 380 பக்கம் வரை கீழே வைக்க மனம் வரவில்லை. மந்திரம் கற்ற அக்காவின் கண்ணெதிரே தம்பி செத்துப்போகிறான். அழுதேவிட்டேன். பக்கத்தைத் திருப்பினால், அதுவரை கதையில் எங்குமே இல்லாத ஒரு மந்திரம் அக்காவுக்கு ஞாபகம் வருகிறது. தம்பி எழுந்து உட்கார்ந்துவிட்டான்!

போன் செய்து கேட்டேன். "டீச்சர், அது மாயம்தானே, அதில் போய் லாஜிக் பார்ப்பீங்களா?" என்றான்.

பார்ப்பேன். மற்ற கதைகளைவிட மாயக் கதையில்தான் அதிகம் பார்ப்பேன்.

வகுப்பில் தினமும் சொல்வேனே, "எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம்" என்று, நினைவிருக்கிறதா? முதல் வரியில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அது உங்கள் சுதந்திரம். ஐந்தாவது வரியில் விடை வரவில்லை என்பதற்காக எக்ஸின் மதிப்பை மாற்றினால் முட்டை மார்க்தான். மாயமும் அப்படியே. மரம் பேசட்டும், மலை பறக்கட்டும், கேள்வி கேட்க மாட்டேன். ஆனால் வைத்துக்கொண்டதை நடுவில் மாற்றாதீர்கள்.

இதெல்லாம் வெளிநாட்டு எழுத்தாளர்கள் கிளப்பிவிட்டது, நம் கதைகளில் ஏது விதி என்று வீட்டு விசேஷத்தில் ஒரு உறவினர் கேட்டார். மகாபாரதத்தைப் பாருங்கள். கர்ணனின் கவச குண்டலங்களை வாங்கிக்கொண்டு இந்திரன் சக்தி ஆயுதத்தைத் தருகிறான். அது ஒரே ஒரு எதிரியைத்தான் கொல்லும், பிறகு இந்திரனிடமே திரும்பிவிடும். இந்த நிபந்தனை வன பர்வத்திலேயே வந்துவிடுகிறது. கர்ணன் அதை அர்ஜுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருக்கிறான். துரோண பர்வத்தில், 14ஆம் நாள் இரவுப் போரில், கடோத்கசன் கௌரவர் படையைத் துவம்சம் செய்ய, வேறு வழியில்லாமல் அவன்மேல் எறிந்துவிடுகிறான். பாண்டவர்கள் அழுகிறார்கள், கிருஷ்ணன் மட்டும் மகிழ்கிறான். ஏன் என்று யாரும் விளக்குவதற்கு முன்பே நமக்கு வயிற்றைப் பிசைகிறது. கர்ணனின் முடிவு அந்த இரவிலேயே எழுதப்பட்டுவிட்டது. "இன்னொரு ஆயுதம் இந்தா" என்று இந்திரன் மறுபடி வந்திருந்தால் கர்ணனுக்காக இன்றுவரை யார் அழுதிருப்பார்கள்?

பெரிய எழுத்தாளர்களே இதில் மாட்டிக்கொண்டதுண்டு. ஹாரி பாட்டர் மூன்றாம் புத்தகத்தில் (1999) காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் கருவி ஒன்று வருகிறது. அந்தப் புத்தகத்துக்குள் அழகாகவே பொருந்துகிறது. ஆனால் அதற்குப் பிறகு யார் செத்தாலும், "அந்தக் கருவியை எடுத்துத் திருப்பலாமே?" என்று படிக்கிற குழந்தை கேட்குமா கேட்காதா? ஐந்தாம் புத்தகத்தில் (2003) அமைச்சகத்தில் இருந்த கருவிகள் எல்லாம் சண்டையில் உடைந்துபோகின்றன. எல்லையில்லாத சக்தியைக் கையில் கொடுத்தால் பிறகு அதை உடைத்துத்தான் ஆக வேண்டும்.

"காண்டால்ஃப் என்ன செய்ய முடியும் என்று டோல்கீன் பட்டியல் போட்டாரா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. போடவில்லை. ஆனால் அந்த மோதிரத்தைக் காண்டால்ஃபின் மந்திரம் அழிக்கவில்லை. அவர் அதை வாங்கிக்கொள்ளவே மறுக்கிறார். இரண்டு சின்ன ஆட்கள் பட்டினியோடு நடந்து எரிமலைக்குப் போக வேண்டியிருக்கிறது. மாயம் வியப்பைத் தரட்டும், வம்பை இழுத்துவிடட்டும், அதற்கு விளக்கம் வேண்டாம். வம்பைத் தீர்க்கப் போகிறதென்றால் அதன் எல்லை வாசகருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

அதற்காக ரேஷன் கார்டு மாதிரி நாளைக்கு எத்தனை மந்திரம், எத்தனை புள்ளி என்று 30 பக்கம் எழுதுபவர்களும் என்னிடம் வர வேண்டாம். விதி அதிகம் தேவையில்லை, அது வலிக்க வேண்டும். உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எர்த்ஸீ' நாவலில் அடிப்படை விதி ஒரு வரிதான். ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் அதன்மேல் மந்திரம் செல்லும். அதில் கெட் என்ற மாணவன் வீம்புக்காக, என்றோ இறந்துபோன ஒருத்தியின் ஆவியைக் கூப்பிடுகிறான். கூடவே ஒரு கரிய நிழலும் வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. திறந்த அந்த வாசலை மூடிய தலைமை ஆசான் உயிரையே விடுகிறார். செத்தவரைக் கூப்பிட்டதற்கு அதுதான் விலை.

தம்பியே, உன் நாவலைப் படிக்கப்போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் யாரையாவது இழந்தவர்கள். அவர்கள் எந்த மந்திரம் சொல்லியும் யாரும் எழுந்து வரவில்லை. அவர்களை 380 பக்கம் அழவைத்துவிட்டு, "சும்மா சொன்னேன்" என்று ஒரே பக்கத்தில் முடிப்பது விளையாட்டல்ல, ஏமாற்று.

உனக்கு இரண்டு வழிதான். தம்பி சாகட்டும், அக்கா அதோடு வாழட்டும். இல்லையென்றால் அந்த மந்திரத்தை 40ஆம் பக்கத்திலேயே சொல்லிவிடு, அவள் எதை இழந்தால் அது பலிக்கும் என்பதையும் சேர்த்து. 381ஆம் பக்கத்தில் அவள் அதை நிஜமாகவே இழக்கட்டும்.

திருத்தி அனுப்பு. மறுபடி 400 பக்கமும் படிக்கிறேன். கண்ணாடி மாற்றியாகிவிட்டது.