சாப்பிட்டீங்களாம்மா?

வார்டில் மாத்திரையோடு வரும் நர்ஸ் முதலில் கேட்பது இதைத்தான். உபசாரம் போலத் தோன்றும். ஆனால் கையில் இருப்பது கிளிமிபிரைடு என்றால், பதில் வரும்வரை தர மாட்டார்.

ஐடா ஸ்கடர் வேலூரில் 1909-லேயே நர்ஸிங் பள்ளி தொடங்கினார். 1946-ல் பட்டப்படிப்பும் வந்தது. ஆனால் பக்கத்து ஆம்பூர், பேரணாம்பட்டு வீடுகளில் விடியற்காலையில் இந்தக் கேள்வியைக் கேட்க யார் இருக்கிறார்கள்? ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் மாத்திரை வயிற்றுக்குள், டிபன் பைக்குள்.

கிளிமிபிரைடு கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று பார்க்காது. தையல் மிஷின் முன்னால் வியர்வை, கைநடுக்கம், கண் இருட்டல் வந்தால், சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டில் சாப்பிட நேரமில்லையா? மாத்திரையையும் டிபனோடு எடுத்துப் போங்கள், சாப்பிடும்போது போடலாம்.

மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்தத் தாழ்சர்க்கரை அபூர்வம். அதைச் சாப்பாட்டோடு போடச் சொல்வது வயிற்றுப் புரட்டலுக்காக. தைராய்டு மாத்திரையோ நேரெதிர்: வெறும் வயிற்றில், காபிகூட அரை மணி கழித்துத்தான். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு வைப்பதுதான் வம்பு.

ரம்ஜான் நோன்பு வைப்பவர்கள் சில வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள். மாத்திரை வேளையை, அளவை அவர் மாற்றித் தருவார். நோன்பின்போது சர்க்கரை 70-க்குக் கீழே போனால், மணி பார்க்காமல் நோன்பை முறித்துவிடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.