இமெயில்ல கோட் ரிவ்யூவா? ஆமா, இமெயில்லதான்!

"இன்னும் இமெயில்லயே பேட்ச் அனுப்பிக்கிட்டு இருக்கானுங்களா? எந்தக் காலத்துலடா இருக்கானுங்க!"

லினக்ஸ் கெர்னல் ஆளுங்களைப் பத்தி நண்பர் ஒருத்தர் போன வாரம் டீக்கடையில அடிச்ச கமெண்ட் இது. சுத்தி நின்ன பொட்டி தட்டுற கோஷ்டி மொத்தமும் சிரிச்சுது. நான் சிரிக்கலை. ஏன்னு சொல்லிடறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, எங்க ப்ராஜெக்ட்ல ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியைப் பயன்படுத்தினோம். கனெக்‌ஷன் அறுந்து திரும்ப ஒட்டினதும், அது காரணமே இல்லாம 200 மில்லிசெகண்ட் சும்மா காத்திருக்கும். யார் எழுதினது, எதுக்குன்னு கிட்ல தோண்டினா, "ரிவ்யூவில் சொன்னபடி திருத்தம்"னு ஒத்தை வரி. கூடவே ஒரு சுட்டி. சொடுக்கினா அந்தத் தளமே இல்லை. கடையை மூடிட்டுப் போயிட்டாங்க. சரி, எவனோ தூக்கக் கலக்கத்துல எழுதியிருக்கான்னு நெனச்சு அந்த வரியைத் தூக்கிட்டேன்.

பத்தே நாள். ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன். ஒரே ஆர்டர் ரெண்டு தடவை பதிவாகுதாம்! பழைய மெசேஜுக்கான பதில் வந்து சேர்றதுக்குத்தான் அந்த 200 மில்லிசெகண்ட்னு விடியறப்போதான் புரிஞ்சுது. ரிவ்யூ பண்ண புண்ணியவான் இதை விலாவாரியா எழுதித்தான் இருந்திருப்பார். அது யாரோ ஒரு கம்பெனியோட டேட்டாபேஸ்ல இருந்துச்சு. கம்பெனியோட சேர்ந்து அதுவும் போயிடுச்சு.

இதுதாங்க என் கட்சி. கோட் பாதின்னா, அதைப் பத்தி நடந்த சண்டை மீதிப் பாதி. கோட் கிட்ல இருக்கறதால ஆளாளுக்கு ஒரு பிரதி இருக்கு. சண்டைக்கு?

இமெயில்ல நடந்தா, லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொருத்தர் பெட்டியிலயும் அதுக்கும் ஒரு பிரதி இருக்கும். லோர்.கெர்னல்.ஆர்க் போய்ப் பாருங்க. ஒரு மாற்றம் ஏன் வந்துச்சு, யாரு எதிர்த்தாங்க, மூணாவது வெர்ஷன்ல என்ன மாறிச்சு, எல்லாம் வரிசையா கிடக்கு. அந்த ஆர்க்கைவையே கிட் மூலமா க்ளோன் பண்ணி நம்ம மெஷின்ல வச்சுக்கலாம். கெர்னல் மட்டுமில்லை, போஸ்ட்கிரெஸும், ஏன், கிட்டுமேகூட இப்பவும் மெயில்லதான் ரிவ்யூ பண்றாங்க.

வெப் பக்கம் என்ன கதை? கிட்டோரியஸ் 2015ல மூடியாச்சு. கூகுள் கோட் 2016 ஜனவரியில மூடியாச்சு. ஃபேப்ரிகேட்டர் பராமரிப்பு 2021ல நின்னுபோச்சு. அதுல ரிவ்யூ பண்ணிக்கிட்டிருந்த எல்.எல்.வி.எம். ஆளுங்க 2023ல கிட்ஹப்புக்கு மூட்டை கட்டினாங்க. பழைய ரிவ்யூ பக்கங்களைத் தனியா ஆர்க்கைவ் பண்ணித்தான் காப்பாத்த வேண்டியிருந்துச்சு. கிட்ஹப் மட்டும் நிரந்தரமா? 2019ல அமெரிக்கத் தடையைக் காட்டி ஈரான், சிரியா, கிரிமியா ஆளுங்க கணக்குகளைக் கட்டுப்படுத்திச்சு. ஈரானுக்கு முழுசா திறந்தது 2021லதான்.

2024 மார்ச்ல எக்ஸ்ஸெட் பின்கதவு விவகாரம் வெடிச்சப்போ நடந்தது இன்னும் வேடிக்கை. என்ன நடந்துச்சுன்னு ஊரே தேடிக்கிட்டிருக்கு, கிட்ஹப் அந்த ரெப்போவையே முடக்கி வச்சிடுச்சு. மெயிலிங் லிஸ்ட் ஆர்க்கைவ் மட்டும் திறந்தே கிடந்துச்சு. 2022லயே அந்தப் பராமரிப்பாளரை எப்படி நெருக்கினாங்கன்னு எல்லாரும் அங்கதான் படிச்சாங்க.

"அதெல்லாம் சரி, புதுசா வர்றவன் பாவம் இல்லையா?"ன்னு கேப்பீங்க. பாவம்தான், மறுக்கலை. என் முதல் பேட்ச் ஆபீஸ் மெயில்ல போச்சு. "இந்த மடல் ரகசியமானது"ன்னு கம்பெனி டிஸ்க்ளெய்மர் வாலா ஒட்டிக்கிச்சு. ரெண்டாவது ஜிமெயில் வெப்ல போச்சு. டேப் எல்லாம் ஸ்பேஸா மாறி, பேட்ச் ஒட்டவே இல்லை. மூணாவது தடவை கிட் சென்ட்-இமெயிலோட ஒரு ஞாயித்துக்கிழமை பூரா மல்லுக்கட்டினப்புறம்தான் ஒழுங்கா போச்சு. அதனால "இமெயில் ஒரு வடிகட்டி, தகுதியில்லாதவன் வரமாட்டான்"னு பெருமை பேசற பெருசுகளுக்கும் ஒரு கும்பிடு. அந்த வடிகட்டி என் கோடைச் சோதிக்கலைங்க, என் மெயில் செட்டிங்கைத்தான் சோதிச்சுது.

அதுக்கு வழி, ரிவ்யூவையே தூக்கி ஒரு கம்பெனி கையில குடுக்கறதா? கிட் ப்ராஜெக்ட்ல கிட்கிட்கேட்ஜெட்னு ஒண்ணு வச்சிருக்காங்க. கிட்ஹப்ல புல் ரிக்வெஸ்ட் போட்டா, அதை மெயில் பேட்சா மாத்தி லிஸ்டுக்கு அனுப்பிடும். கெர்னல் ஆளுங்களுக்கு பி4 இருக்கு. மெயில் சர்வர் தொல்லையே இல்லாம வெப் வழியா பேட்ச் அனுப்பலாம். வாசலை எவ்வளவு வேணா அகலப்படுத்துங்க, வேண்டாங்கலை. அதுக்காக வீட்டை எழுதிக் குடுத்துடாதீங்க.

ரெண்டே பேர் வேலை செய்யற குட்டி ப்ராஜெக்ட்டா? தாராளமா வெப்லயே ரிவ்யூ பண்ணுங்க. ஆனா காரணத்தை கமிட் மெசேஜ்லயே எழுதி வைங்க. நாளைக்கு அந்தத் தளம் மூடினா, இந்த வரி எதுக்குன்னு கேக்கறவனுக்கு உங்ககிட்ட பதில் இருக்கணும். அவ்வளவுதான்.

பி.கு: அந்த 200 மில்லிசெகண்ட் வரியைத் திரும்பப் போட்டுட்டேன். கமிட் மெசேஜ் மட்டும் பதினேழு வரி!