குசினி அலுமாரிக்குள் சிலிண்டர் வேண்டாம்



நோன்புக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. ஊரெல்லாம் வீடு கழுவுறதும் பெயின்ட் அடிக்கிறதுமாக இருக்கிற இந்த நேரத்தில், பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற நாங்கள் சிலர் சேர்ந்து பேசிய ஒரு விஷயத்தை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். ஆண்கள் கட்டாயம் வாசிக்க வேணும். அடுப்படியில் நிற்பது உம்மாவும் ராத்தாவும்தான். ஆனால் ஹோஸ் வாங்க காசு எடுத்துக் கொடுப்பது நீங்கள்.

முந்தி நம்ம ஊர்களில் குசினி பின்வளவில் தனியாக இருந்தது. ஓட்டுக்கு இடையால் புகை போகும், கதவுக்குக் கீழால் காற்று வரும். இப்போது கட்டுகிற வீடுகளில் ஹோலோடு சேர்ந்த பென்ட்ரி, டைல்ஸ், கீழே வரிசையாக அலுமாரி. அதில் ஒன்றுக்குள் சிலிண்டரை வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம். பார்க்க வடிவுதான். ஆனால் எல்பி கேஸ் காற்றைவிடப் பாரமானது, ஏறத்தாழ ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே ஜன்னலால் போகாது, தரையோடு தரையாகத் தேங்கும். காற்றில் 2 சதவீதமளவு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். அலுமாரி அதற்கு நல்ல பெட்டி. சஹருக்கு எழும்பி, ஜன்னலும் திறக்காமல், தூக்கக் கண்ணோடு சுவிட்ச் போடுகிறவருக்கு அங்கே என்ன காத்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

வெளியில் வைத்தால் களவு போகும் என்பீர்கள். 2022இல் ஒரு சிலிண்டருக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்ற சனம் நாம், அந்தப் பயம் நியாயம்தான். அதற்கு வழி இருக்கு. வெளிச்சுவரோடு கம்பிக் கூடு அடித்துப் பூட்டுப் போடலாம். சுவரைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் ஹோஸ் போடாமல் உலோகக் குழாய் போடச் சொல்லுங்கள். அதற்கு வசதி இல்லாவிட்டால், அலுமாரிக் கதவைக் கழற்றிவிடுங்கள். இரண்டு லட்சத்துக்குப் பென்ட்ரி அடித்தவருக்கு ஒரு கதவு பெரிய இழப்பில்லை.

2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்க கேஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் மறந்திருக்காது. புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாறியதே முக்கிய காரணம் என்று அதை ஆராய ஜனாதிபதி நியமித்த குழு சொன்னது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், இளகிப்போன ஹோஸும் தேய்ந்த ரெகுலேட்டரும் அதைத் தாங்காது. பயத்தில் அன்று எல்லாரும் புதிசு மாற்றினோம். பல வீடுகளில் அன்று மாற்றிய ஹோஸ்தான் இன்றும் தொங்குகிறது. ஹோஸில் அச்சிட்ட வருடத்தைப் பாருங்கள். மடித்துப் பார்க்கும்போது வெடிப்புத் தெரிந்தாலோ, கைக்குப் பிசுபிசுத்தாலோ, விறைத்துப்போயிருந்தாலோ வருடம் பார்க்கவே தேவையில்லை, மாற்றுங்கள். எலி கடித்த அடையாளமும் அப்படித்தான். அதில் டேப் சுற்றி வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். இரண்டு நுனியிலும் கிளிப் இருக்க வேணும், கட்டுக்கம்பி கிளிப்புக்குப் பதிலாகாது.

கசிவு இருக்கா என்று பார்க்க நெருப்புக்குச்சி கிழிக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சவர்க்காரத் தண்ணீர் போதும். ரெகுலேட்டரைத் திறந்து, அடுப்புக் குமிழ்களை மூடி வைத்துக்கொண்டு, சிலிண்டர் வாய், ஹோஸின் இரு நுனி, குமிழ்களின் அடி எல்லாவற்றிலும் நுரையைத் தடவுங்கள். குமிழி ஊதினால் அங்கேதான் கசிவு. சிலிண்டர் மாற்றிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய இரண்டு நிமிடம் போகாது. சிலிண்டர் வாயிலுள்ள ரப்பர் வளையம் வெடித்தோ கழன்றோ இருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

அடுத்தது சுவாலை. பன்சன் சுடரடுப்பில் காற்றுத் துளையை மூடினால் சுவாலை மஞ்சளாகும் என்று பிள்ளைகளுக்கு ஆய்வுகூடத்தில் காட்டுகிறோம். வீட்டு அடுப்பும் அதேதான். சட்டியின் அடி கரி பிடிக்கிறது, சுவாலை மஞ்சளாக ஆடுகிறது என்றால் காற்றுப் போதாமல் எரிகிறது. பால் பொங்கி, கறி வழிந்து பர்னர் துளைகள் அடைபட்டிருக்கும். ஆறிய பிறகு கழற்றி, பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய வைத்துப் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் திரும்பவும் மஞ்சளாகத்தான் எரியும். பர்னர் மூடி சரியாகக் குந்தாவிட்டாலும் அப்படித்தான். இவ்வளவும் செய்தும் நீலமாகாவிட்டால் திருத்துகிற பாஸைக் கூப்பிடுங்கள், ஜெட்டை ஊசியால் குத்திப் பெருசாக்காதீர்கள். மஞ்சள் சுவாலையில் சட்டி கறுப்பதைவிடப் பெரிய பிரச்சினை, மூடின அறைக்குள் உண்டாகிற காபனோரொட்சைட்டு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சமைக்கும்போது தலையிடி வருகிறது என்று ராத்தா சொன்னால் பனடோல் கொடுக்க முதல் ஜன்னலைத் திறங்கள்.

கேஸ் முடிகிற நேரம் சிலிண்டரைச் சரித்து வைத்து எரிக்கிற பழக்கம் தட்டுப்பாட்டுக் காலத்தில் கூடிப்போனது. சரித்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் வரலாம். ஒரு லீட்டர் திரவம் 250 லீட்டரளவு வாயுவாக விரியும். ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்காக அது தேவையில்லை. சுடுதண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம்.

மணம் வந்தால் சுவிட்ச் ஒன்றையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், ஃபேனும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியே வந்த பிறகு போனை எடுங்கள். தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990.

புது ஹோஸும் கிளிப்பும் எவ்வளவு வரும் என்று கேட்டால், பெருநாளைக்கு ஒரு பிள்ளைக்கு எடுக்கிற உடுப்பின் விலை வராது. மருமகனுக்கு வீடு கொடுக்கும்போது ஏசி பூட்டிக் கொடுக்கிற வாப்பாமார் அந்த வீட்டு குசினியின் அடியில் காற்றுப் போக ஒரு துளை விட்டிருக்கா என்று மேசன் பாஸிடம் கேட்பதில்லை. இனி வீடு கட்டுகிறவர்கள் பிளானிலேயே சிலிண்டருக்கு வெளியில் இடம் ஒதுக்குங்கள்.

சனிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு பாடசாலை ஆய்வுகூடம் திறந்திருக்கும். உங்கள் வீட்டு ஹோஸையும் ரெகுலேட்டரையும் கழற்றி ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறோம். சிலிண்டரைக் கொண்டுவர வேண்டாம்.